மற்றக் கயிற்றின் பெயர்

மூதூர் லோஞ்ச்சில் நானும் என் மனைவியும் முதல்தடவை ஒன்றாகப் போனது 1984 ஆவணியில், கல்யாணம் முடிந்து பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ. நான் அப்போது மூதூரில் கணக்கு வாத்தியார். அவளுக்கு வல்வெட்டித்துறை. கையில் ஒரு றங்குப்பெட்டியும், அவளுடைய அம்மா கட்டிக் கொடுத்த பயற்றம் பணியாரப் பொட்டலமும். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கொட்டியாரக்குடாவைக் குறுக்கே கடக்க ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுக்கும். அன்றைக்குக் குடா நல்ல கொந்தளிப்பு, லோஞ்ச்சுக்குள் இருந்த பாதிப்பேர் சீலைத் தலைப்பாலும் துவாயாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள், நானும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எப்போது மூதூர் தெரியும் என்று பார்த்தபடி இருந்தேன். அவள் எழும்பி முன்பக்கத்து அணியத்துக்குப் போய் நின்றுவிட்டாள். திரும்பி என்னிடம், "காத்து மாறுது" என்றாள்.

"உள்ளுக்கு வந்து இரும், விழுந்திடப் போறீர்" என்றேன்.

வந்து இருந்தாள். அவ்வளவுதான். எப்படித் தெரியும், எந்தப் பக்கம் மாறுகிறது, யார் சொல்லித் தந்தது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகு நாற்பது வருடம் கேட்கவில்லை. போன ஆவணியில் எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு இரண்டு பகலும் ஓர் இரவும் பாய்ப்படகில் போய்வந்தோம், அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எழுதத் தொடங்கினால் முதலில் வந்து நிற்பது அந்த லோஞ்ச் பயணமும் நான் கேட்காமல் விட்ட கேள்வியும்தான்.

பாய்ப்படகு யோசனை மகளுடையது. ரொறன்ரோவில் இருக்கிறாள். அப்பா அம்மாவுக்கு ஹோட்டலில் ஒரு சாப்பாடு, ஒரு கேக் என்று முடிக்க அவளுக்கு மனமில்லை. முதலில் ஒரு இடத்தில் முற்பணம் கட்டினாள், அவர்கள் கடைசி நேரத்தில் படகு வராது என்று சொல்லிவிட்டார்கள், காசு திரும்பி வரவே இரண்டு மாதம் பிடித்தது. அதோடு விட்டிருப்போம். ஆனால் மூதூரில் என்னிடம் கணக்குப் படித்த ஒருவரின் மகன் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பாய்ப்படகை இங்கே பார்த்துக்கொள்கிறார் என்று தெரியவந்தது. அவரே போன் பண்ணி, "சேர், உங்களயும் அம்மாவயும் நான் கூட்டிட்டுப் போறன், இல்லாட்டி வாப்பா என்னக் கொன்டுபோடுவார்" என்றார். சரி என்றேன்.

மனைவி உடனே சரி சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கடைசியாக நாங்கள் இருவரும் சேர்ந்து கடலில் போனது 1990இல், மன்னார்ப் பக்கமிருந்து இராமேஸ்வரத்துக்கு, இரவில், இஞ்சின் போட்டில், மகளை மடியில் வைத்துக்கொண்டு. அந்த இரவைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை, இங்கேயும் விரித்து எழுதப் போவதில்லை. 1992இல் திரும்பி வந்தோம். பிறகு 2004 மார்கழி 26. எங்கள் வீடு உவர்மலையில், மேட்டில், அதனால் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கிண்ணியாவிலும் மூதூரிலும் என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு மனைவி டச் பே கடற்கரைக்கு நடக்கப் போவதைக்கூட விட்டுவிட்டாள். கடலைப் பார்க்கும் ஊரில் கடலுக்கு முதுகு காட்டி இருந்தோம் என்றே சொல்லலாம்.

ஒரு கிழமை யோசித்துவிட்டுக் கேட்டாள், "பாயிலைதான் போறதோ, இல்லை இஞ்சினோ?"

"இரண்டும் இருக்காம். பாய்தான் கூட" என்றேன்.

"அப்ப போவம்."

ஆவணி அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முந்திய ஒரு காலை. உட்துறைமுகத்தில் டவுன் பே பக்கம் சின்னப் படகு ஒன்றில் ஏற்றிக் கொண்டுபோய், நங்கூரத்தில் நின்ற பெரிய படகில் விட்டார்கள். வெள்ளை நிறம், நாற்பதடி இருக்கும், இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாக வைத்து நடுவில் தளம் போட்ட மாதிரி. இந்த வகைக்கு இங்கிலீஷில் வைத்திருக்கும் பெயர் நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனது. மனைவி அதைச் சுற்றி ஒருதரம் பார்த்துவிட்டு, "இது கட்டின மரமும் இல்லை, மரமும் இல்லை" என்று சொன்னாள், ஆனால் கை கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் எதையும் அப்படித் தடவி நான் பார்த்ததில்லை, மகள் பிறந்தபோது தவிர.

புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள், எனக்கு இஞ்சித் துண்டும். எனக்கு அது தேவைப்படும் என்று அவளுக்குத் தெரியும்.

துறைமுகத்துக்குள் தண்ணீர் குளம் மாதிரி. சோபர் தீவைத் தாண்டி, ஒஸ்ரன்பேர்க் மேட்டின் அடியால் வெளியே போக வேண்டும். பின்னால் சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் காடு, மாவாலையின் உயரக் கட்டடம். நான் பிறந்து வளர்ந்த ஊர், ஆனால் இந்தப் பக்கமிருந்து பார்த்தால் வேறு ஊர் மாதிரி இருக்கிறது, மலைகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன, வாசல் எங்கே என்று கிட்டப் போகும்வரை தெரிவதில்லை. இத்தனை பேர் இந்த ஒரு துறைமுகத்துக்காகச் சண்டை பிடித்ததை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், 1782இல் பிரெஞ்சுக்காரர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர் என்று ஆண்டு வரிசையாக. கரும்பலகையில் எழுதிய ஆண்டுகள்தான் அவை. காரணத்தை மனைவி சொன்னாள், அதுவும் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது.

நாங்கள் வாசலைக் கடந்து கொட்டியாரக்குடாவின் வாய்க்கு வந்திருந்தோம். தெற்கே மூதூர்ப் பக்கம் ஒரு கோடாகத் தெரிந்தது. நான் படகை ஓட்டிய அந்த இளைஞருக்கு றொபேர்ட் நொக்ஸ் கதையைச் சொன்னேன், அவர் ஊர்க்காரர், தெரிந்த கதைதான், இருந்தாலும் வாத்தியாருக்கு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1659 கார்த்திகையில் மசூலிப்பட்டணத்தில் புயலில் பாய்மரம் போன ஆன் என்ற கப்பல், புதுப் பாய்மரம் போடுவதற்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது, 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் கப்பல்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், தகப்பன் சிறையிருப்பிலேயே செத்தார், மகன் நொக்ஸ் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு 1679இல்தான் தப்பினார். மூதூரில் அந்த இடத்தில் கப்பலின் பெயரும் 1660 என்ற ஆண்டும் பொறித்த கல் உண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன்.

"கார்த்திகையிலை மசூலிப்பட்டணத்திலை நிண்டால் வேறை எங்கை வாறது" என்றாள் மனைவி.

எப்படி என்று கேட்டேன். அது நான் கேட்ட முதல் கேள்வி.

"வாடை தொடங்கீட்டுதெல்லோ. அந்தக் கரை முழுக்க நேராத் திறந்த கரை, வாடையிலை கப்பலைக் கரைக்குத் தள்ளிப்போடும். ஒதுங்கிறதுக்கு உள்ள இடம் இதுதான். மரமும் இஞ்சை இருந்தது. அம்மப்பா சொல்லுவார், வாடைக்கு நாகபட்டினத்திலை நிக்காதை, திருக்கோணமலைக்கு ஓடு எண்டு."

நான் இருபது வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆண்டுகள் அத்தனைக்கும் இதுதான் விளக்கம். இந்தியாவின் கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கப்பல் பாதுகாப்பாக நிற்க இடம் இல்லை, வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்தில் எல்லாக் காலமும் நிற்கக்கூடிய ஆழமான துறைமுகம் திருகோணமலை, அதனால் கடற்படை வைத்திருந்த எவருக்கும் இது வேண்டியிருந்தது. புத்தகத்திலும் இருக்கும்தான். ஆனால் என் வீட்டு அடுப்படியில், எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் இருந்தது, எனக்குத் தெரியாது.

வெளிக்கடலுக்கு வந்ததும் பெரிய பாயை ஏற்றினார்கள். இளைஞரும், கூட வேலை செய்யும் பெடியனும் கைப்பிடி வைத்த உருளையில் கயிற்றைச் சுற்றி இழுக்க, பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே போனது, இஞ்சினை நிறுத்தினார்கள். இஞ்சின் நின்ற பிறகு வரும் அமைதியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் படகின் பக்கத்தால் உரசிப் போகும் சத்தம் மட்டும், துணியைக் கிழிப்பது போல மெல்லியதாக. ஆழமானியில் இலக்கம் கூடிக்கொண்டே போய் ஓரிடத்தில் வெறும் கோடுகள் மட்டும் தெரிந்தன. கருவிக்கு எட்டாத ஆழம் என்றார் இளைஞர். கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாசலுக்குக் கிட்டவே வந்து முடிகிறது, அதனால்தான் திமிங்கிலங்கள் இங்கே கரைக்கு இவ்வளவு பக்கமாக வருகின்றன. நாங்கள் போன நேரம் ஒன்றையும் காணவில்லை.

அவள் அந்த ஆழத்தைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோணேசர் கோயில் மலை கடலுக்குள் நேராக இறங்கும் இடம் உங்களுக்குத் தெரியும், மேலே நின்று எட்டிப் பார்த்திருப்பீர்கள். கீழேயிருந்து அது 300 அடிக்கு மேல் நிமிர்ந்த ஒரே பாறை. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்த கோயிலின் தூண்களை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இந்தத் தண்ணீருக்குள்தான் கண்டார்கள். இடித்த கல்லில் கட்டிய கோட்டைக்குள்ளால்தான் இன்றைக்கும் நாங்கள் கோயிலுக்குப் போகிறோம். மீன்பிடிக்காரர் இந்த இடத்தில் இஞ்சினைத் தணித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். மனைவியும் கும்பிட்டாள். மேற்கிலிருந்து காற்று, படகு மலைக்குக் கீழாக வடக்கே போய்க்கொண்டிருந்தது. கும்பிட்ட கையை எடுக்காமலே சொன்னாள்:

"தம்பி, மலைக்கு இவ்வளவு கிட்டப் போகாதீங்கோ. மலை காத்தை மறிக்கும், மேலாலை சுத்தி விழும்."

"ஒண்டும் ஆகாதும்மா" என்று இளைஞர் சொல்லி ஒரு நிமிடம் இருக்காது. பாய் சட்டென்று சோர்ந்து தொங்கியது. பிறகு எதிர்ப்பக்கமிருந்து ஒரு காற்று விழுந்து பாய்க்குக் கீழே இருந்த நீளத் தடியைத் தூக்கி அடித்தது, பெடியன் குனிந்துகொண்டான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இளைஞர் இஞ்சினைப் போட்டு வெளியே எடுத்தார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள், அறுபத்து மூன்று வயது, முழங்கால் வருத்தம், படி இறங்க என் தோளைப் பிடிப்பவள், ஆடும் தளத்தில் ஒன்றையும் பிடிக்காமல் நின்றாள்.

"அம்மாக்கு எப்பிடித் தெரியும்?" என்று இளைஞர் கேட்டார். நாற்பது வருடத்துக்கு முந்தி நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இந்த இருபத்தைந்து வயது இளைஞர் கேட்டார்.

அவள் சொல்லத் தொடங்கினாள், நிலாவெளிவரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவளுடைய அம்மப்பா சின்ன வயதிலேயே கப்பலேறியவர், பிறகு தண்டையலாகவும், அதாவது கப்பல் தலைவராகவும், இருந்திருக்கிறார். வல்வெட்டித்துறைக் கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் போய் அரிசியும் தேக்கும் ஏற்றி வந்த காலம். அவளுக்கு நினைவு தெரிந்தபோது கப்பல்கள் இல்லை, அவர் திண்ணையில் இருந்தார். பேரன்மார் யாருக்கும் கேட்கப் பொறுமையில்லை, பேத்தி மட்டும் பக்கத்தில் இருந்து கேட்டாள். கடற்கரையில் தோணியில் ஏற அவளுக்கு அனுமதி இல்லை, பெண்பிள்ளை தோணியில் கால் வைக்கக் கூடாது என்பார்கள். அதனால் அம்மப்பா தென்னம்பாளையை எடுத்து, பழைய சால்வைத் துண்டை ஈர்க்கில் கோத்துப் பாய் கட்டி, மழைவெள்ளம் நின்ற வளவில் விட்டுக் காட்டினார். பாளை காற்றில் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போனது. அடியில் ஒரு பனஞ்சிலாகையைச் செருகினார். அப்போது பக்கத்துக்கு இழுபடாமல் முன்னுக்குப் போனது. காற்று பக்கத்தால் தள்ள, தண்ணீருக்குள் இருக்கும் பலகை அதைத் தடுக்க, நடுவில் அகப்பட்ட படகுக்கு முன்னுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. நான் கணக்கு வாத்தியார், விசைகளைக் கூறுபோட்டுப் படம் கீறி இதை விளக்க எனக்குத் தெரியும், ஆனால் எட்டு வயதில் சேற்றுத் தண்ணீரில் பாளையைப் பார்த்து விளங்கியவள் மாதிரி எனக்கு அது ஒருநாளும் விளங்கியதில்லை.

அன்னபூரணி கதையையும் சொன்னாள். வல்வெட்டித்துறையில் அந்தக் கப்பலின் கதை இல்லாத வீடு இல்லை. வேப்பமரத்தில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கினார், ஊர் மாலுமிகளோடு சுயஸ் கால்வாய் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் அதற்குத் தன்னுடைய மனைவி புளோரன்ஸின் பெயரை வைத்துவிட்டார். "அன்னபூரணி எண்டே விட்டிருக்கலாம்" என்றாள். அவளுக்கு அதில் இன்னும் கோபம் இருந்தது. அவள் பிறப்பதற்கு இருபது வருடத்துக்கும் மேல் முந்தி மாற்றிய பெயர்.

இடையிடையே இளைஞரோடு சொற்களை ஒப்பிட்டுக்கொண்டாள். அவர் இங்கிலீஷ்ச் சொல்லைச் சொல்வார், அவள் அம்மப்பாவின் சொல்லைச் சொல்வாள். படகின் முன்பக்கம் அணியம். பாயைத் தாங்கும் குறுக்குத்தடி பருமல், இந்தப் படகில் மேலே அது இல்லை. பாயின் கீழ்மூலையில் கட்டி, இழுத்தும் இளக்கியும் பாயைக் காற்றுக்குப் பிடிக்கும் கயிறு தாமான். "நாங்க ஷீட் எண்டுதான் சொல்றம்மா" என்றார் அவர். "துணிக்கும் அதுதானே சொல்லுறது, கயித்துக்கு என்னத்துக்கு" என்றாள். காற்றின் பெயரில் எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது, எங்கள் பக்கத்தில் நாங்கள் இந்த மாதத்துக் காற்று எல்லாவற்றையும் கச்சான் என்போம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நேர் மேற்கிலிருந்து வந்தால் கச்சான், தெற்கால் சாய்ந்து வந்தால் சோளகம், பகலில் கடலிலிருந்து திரும்பினால் கொண்டல். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மெல்லத் திருப்ப வேண்டும், இரண்டு காதிலும் காற்று ஒரேயளவாகக் கேட்கும்போது மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கேயிருந்து காற்று. நான் செய்து பார்த்தேன். உண்மை.

ஒரு சொல் மட்டும் வரவில்லை. பாயை மேலே ஏற்றும் கயிறு. காலையில் பெடியன் உருளையில் சுற்றி இழுத்தானே, அது. "தாமான், மற்றது... மற்றக் கயித்துக்கு ஒரு பேர் இருக்கு" என்று நெற்றியைத் தேய்த்தாள். நாக்கு நுனியில் நிற்கிறது என்றாள். இளைஞர் இங்கிலீஷ்ச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார், அதனால் ஒன்றும் வரவில்லை. அம்மப்பா அந்தக் கயிற்றைச் சொல்லும்போது கையை எப்படி மேலே தூக்கிக் காட்டுவார் என்பதுகூட நினைவிருந்தது, சொல் மட்டும் இல்லை.

பின்னேரம் நிலாவெளிக்கு நேரே, புறாத்தீவுக்குத் தள்ளி, முருகைக்கல் இல்லாத மணல்தரை பார்த்து நங்கூரம் போட்டார்கள். மகள் ஏற்பாடு பண்ணிய கேக்கை வெட்டினோம். பெடியன் பாரை மீன் ஒன்றைச் சுட்டுத் தந்தான், நாங்கள் கொண்டுபோன சம்பலோடு சாப்பிட்டோம், அவ்வளவு ருசி. என் வயிறு பகல் முழுக்கச் சரியில்லாமல் இருந்து, அப்போதுதான் அமைந்தது.

இரவு தளத்தில் பாய் விரித்துப் படுத்தோம். நிலா இல்லை. கரையில் ஹோட்டல் வெளிச்சங்கள், மீன்பிடிக்காரரின் விளக்குகள் கிழக்கே வரிசையாக. அவள் நித்திரை கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும், மூச்சில் தெரியும், நாற்பது வருடம் பக்கத்தில் படுத்த மூச்சு. பதினொரு மணியளவில் கடலுக்கு மேலே ஆறாமீன் என்ற வெள்ளிக்கூட்டம் எழும்பியது, கையை நீட்டிக் காட்டினாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அண்டைக்கும் இதைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான்" என்றாள். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. இதைக் கேட்கத் தேவையில்லை. இராமேஸ்வரம் போன இரவில் நான் மகளின் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், படகோட்டி வழி தவறினால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. அவள் வெள்ளியைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், படகு சரியான திசையில்தான் போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அவள் அழவில்லை. அன்றைக்கு அவள் அழாமல் இருந்ததை நான் வேறு மாதிரி விளங்கியிருந்தேன். கல்நெஞ்சு என்றுகூட ஒருதரம், வெகுகாலத்துக்கு முந்தி, ஒரு சண்டையில் சொல்லியிருக்கிறேன். அந்த இரவில் அதற்கு மன்னிப்புக் கேட்டேன். "இப்பவோ" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் திரும்பும்போது காற்று தெற்கிலிருந்து வரத் தொடங்கிவிட்டது. நாங்கள் போக வேண்டிய திசையும் தெற்கு. நேராகக் காற்றுக்கு முகம் கொடுத்துப் பாய்ப்படகு ஓடாது, காற்றுக்கு நாற்பத்தைந்து பாகை அளவு விலகித்தான் ஓடும். அதனால் கொஞ்சத் தூரம் தென்கிழக்கே கடலுக்குள் போய், திரும்பி, கொஞ்சத் தூரம் தென்மேற்கே கரையை நோக்கி வந்து, மறுபடி திரும்பி, இப்படி வளைந்து வளைந்து போக வேண்டும். நேரே 15 கிலோமீற்றர் என்றால் இப்படிப் போக இருபதுக்கு மேல். கணக்குத்தான், இரண்டின் வர்க்கமூலம். இளைஞர் இஞ்சினில் போய்விடலாம் சேர், இரண்டு மணித்தியாலத்தில் போகலாம் என்றார்.

"வேண்டாம் தம்பி" என்றாள்.

சரி என்று பாயை ஏற்றினார்கள். ஒரு அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாமானைக் கொஞ்சம் இளக்கிப் பாருங்கோ, பாய் மூச்சு விடேல்லை" என்றாள். இளக்கினார்கள். படகு வேகம் எடுத்தது, கருவியில் இலக்கம் ஏறியது. இளைஞர் சிரித்துக்கொண்டு எழும்பி, "அம்மா வந்து பிடிங்க" என்று சுக்கான் சக்கரத்தை விட்டு விலகி நின்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும், லோஞ்ச்சில் "உள்ளுக்கு வந்து இரும்" என்று நான் சொல்லுவதற்கு முந்திப் பார்த்த அதே பார்வை. "போம், போய்ப் பிடியும்" என்றேன்.

முதல் பத்து நிமிடம் படகு பாம்பு மாதிரிப் போனது, கை சக்கரத்தை அளவுக்கு மேல் திருப்பிவிட்டது. பாளைத் தோணிக்குச் சக்கரம் கிடையாது. பிறகு பிடிபட்டது. கண்ணைக் கடலில் வைக்கவில்லை, பாயின் முன்விளிம்பில் வைத்திருந்தாள், அது நடுங்கத் தொடங்கினால் கொஞ்சம் விலகுவாள், நடுங்காவிட்டால் கொஞ்சம் காற்றுக்குள் ஏறுவாள். திரும்ப வேண்டிய இடம் வந்தபோது இளைஞர் சொல்லவில்லை, அவளே "திருப்பட்டோ?" என்று கேட்டாள். அணியம் காற்றைக் கடந்தது, பாய் ஒருதரம் படபடத்து மற்றப் பக்கம் போய் நிறைந்தது, பெடியன் கயிற்றை மாற்றிக் கட்டினான். படகு கரையைப் பார்த்து ஓடியது. அவள் சத்தமாகச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. தலைமயிர் அவிழ்ந்து முகத்தில் அடித்தது, ஒதுக்கவில்லை, இரண்டு கையும் சக்கரத்தில். அந்த நேரத்தில் அவளை எனக்குத் தெரியாத ஒரு பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன், வல்வெட்டித்துறையில் ஒரு வளவில் மழைவெள்ளத்தில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையையும் சேர்த்து.

ஆறு மணித்தியாலம். நடுவில் ஒருதரம் எனக்குச் சத்தியெடுத்தது, அவள் சக்கரத்தை இளைஞரிடம் கொடுத்து வந்து தலையைப் பிடித்தாள், தண்ணீர் தந்தாள், இஞ்சித் துண்டைக் கடிக்கச் சொன்னாள், மறுபடி போய்விட்டாள். கோணேசர் மலையைப் போன தடவையைவிட நன்றாக விலகிக் கடந்தோம், அவள் சொல்லாமலே. பின்னேர வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. துறைமுக வாசலுக்குள் வரும்போது இஞ்சின் போட்டார்கள், அதுவரை அவள்தான்.

இறங்கும்போது இளைஞர் கூலியில் பாதியை வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். அவளிடம், "அம்மா, மற்றக் கயித்துட பேர் வந்தா போன் பண்ணுங்க, நான் இனி அதத்தான் சொல்லுவன்" என்றார்.

வீட்டுக்கு வந்த அன்றே ஒரு பழைய சி.ஆர். கொப்பியை எடுத்து அவள் சொன்னதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். சொல், பக்கத்தில் பொருள், தேவையான இடத்தில் படம். காற்றின் பெயர்களுக்கு ஒரு பக்கம், வெள்ளிகளுக்கு ஒரு பக்கம். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொல்வாள், நான் எழுதுவேன், சில சொல்லுக்கு அவளும் உறுதியாக இல்லை, வல்வெட்டித்துறையில் இருக்கும் அவளுடைய மூத்த மச்சாளுக்குப் போன் பண்ணிக் கேட்டோம், மச்சாளுக்கு அதைவிடக் குறைவாகத்தான் தெரிந்திருந்தது. மற்றக் கயிற்றுக்கு ஒரு வரியை வெறுமையாக விட்டுவைத்தேன். மச்சாளுக்கும் அது தெரியவில்லை.

மூன்றாம் நாள் விடியப்புறம் மூன்று மணி இருக்கும். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பயந்து எழும்பி லைட்டைப் போட்டேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், வலது கை தலைக்கு மேலே, கயிறு பிடித்து இழுப்பது மாதிரி.

"ஆஞ்சான்" என்றாள். "இஞ்சருங்கோ, ஆஞ்சான். எழுதுங்கோ."